பழைய லொறியின் இரட்டை வேக அச்சு: வெக்கியூமைத் திருத்துவதா, மோட்டர் போடுவதா, பூட்டிவிடுவதா?

கியர்த் தடியில் இருக்கும் சிறு குமிழை மேலே இழுத்து, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் காத்திருந்தாலும், லோ (இழுவைக்கு), ஹை (வேகத்துக்கு) என்று இரண்டு நிலைகள் உள்ள பின் அச்சு மாறுவதில்லை. கந்தளாயிலிருந்து நெல் மூட்டைகளோடு புறப்பட்ட லொறி திருகோணமலை வரும்வரை லோவிலேயே உறுமிக்கொண்டு வருகிறது. அல்லது இதற்கு நேர்மாறாக, ஹையில் சிக்கிக்கொண்ட அச்சு லோவுக்கு இறங்காமல், தம்பலகாமத்து வயலில் பாரம் ஏற்றிக்கொண்டு கரையேற முடியாமல் நிற்கிறது. கராஜில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். என்ஜினின் உறிஞ்சலால் அச்சை மாற்றும் வெக்கியூம் அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மின் மோட்டர் போடச் சொல்கிறார் ஒருவர். ஹையில் வைத்து ஒரேயடியாக வெல்ட் பிடித்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். அச்சையே கழற்றிவிட்டு ஜப்பான் லொறியின் அச்சைப் போடுவது நல்லது என்கிறார் மூன்றாமவர்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, வளவில் கொட்டிலுக்குள் நின்ற பழைய லொறிகளைப் பலரும் மீண்டும் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். 1940களிலும் 1950களின் முற்பகுதியிலும் வந்த செவ்ரோலெட், ஃபோர்ட், டொட்ஜ், இன்டர்நாஷனல் போன்ற பெட்ரோல் லொறிகளில் இந்த வெக்கியூம் மாற்றி பரவலாக இருந்தது. அவற்றின் சட்டமும் ஸ்பிரிங்கும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். ஒரு கைப்பிடி இறப்பரும் ஒரு முழக் குழாயும் பழுதானதற்காக நல்ல அச்சொன்றை வெட்டிக் குலைப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த ஒப்பீட்டை எழுத அதுவே காரணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் என்ஜின் இன்னும் இருக்கும் லொறியில் வெக்கியூம் அமைப்பையே திருத்துங்கள். டீசலுக்கு மாற்றிய லொறியில், பிரேக்குக்கு இருக்கும் வெக்கியூமை அச்சுக்குப் பங்குபோடாதீர்கள். அங்கே மின் மோட்டர் பொருத்தலாம், அல்லது அச்சை ஒரே நிலையில் முறையாகப் பூட்டலாம். மற்ற வழிகள் சில குறிப்பிட்ட லொறிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

உள்ளே நடப்பது என்ன

இரட்டை வேக அச்சின் டிஃபரென்ஷியலுக்குள் (இரண்டு பின்சில்லுகளுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி), பெரிய பற்சக்கரத்துக்கும் அச்சுத் தண்டுகளுக்கும் நடுவே, கோள் பற்சக்கரத் தொகுதி ஒன்று இருக்கிறது. நடுவிலுள்ள சறுக்குப் பற்சக்கரம் ஒரு பக்கம் தள்ளப்பட்டால் தொகுதி முழுவதும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுழலும், அதுதான் ஹை. மறுபக்கம் தள்ளப்பட்டால் அந்தப் பற்சக்கரம் அச்சுக் கூட்டோடு பிடிபட்டு அசையாமல் நிற்க, கோள் சக்கரங்கள் அதைச் சுற்றி உருண்டு வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும், அது லோ. ஈட்டன் நிறுவனத்தின் அச்சுகளில் பொதுவாகக் காணப்பட்ட ஒரு சோடி விகிதம் ஹையில் 6.33, லோவில் 8.81. ஹையைவிட லோவில் என்ஜின் அதே தூரத்துக்கு 1.39 மடங்கு சுற்றுகிறது என்பது இதன் பொருள்.

வெக்கியூம் அறை இந்தப் பற்சக்கரத்தை நேரடியாகத் தள்ளுவதில்லை. அது ஒரு ஸ்பிரிங்கை இழுத்து ஏற்றி வைக்கிறது, அவ்வளவுதான். வில்லில் ஏற்றிய நாண்போல அந்த ஸ்பிரிங் காத்திருக்கும். சாரதி காலை எடுத்ததும் பற்களின் மேலிருந்த இழுவை தளர்கிறது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங், சறுக்குப் பற்சக்கரத்தைப் பிடித்து நகர்த்தும் கவையான ஃபோர்க்கைத் தள்ளிவிடுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த ஸ்பிரிங்கின் வேலையை யாராவது செய்தாக வேண்டும். மாற்று வழிகளில் பாதி தோற்பது இதை மறந்துவிடுவதால்தான்.

விசையைக் கணக்கிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். வெக்கியூம் அறைக்குள் இருக்கும் இறப்பர்ச் சவ்வுதான் டயஃப்ரம். 6 அங்குல விட்டமுள்ள டயஃப்ரமின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம். நல்ல பெட்ரோல் என்ஜின் ஒன்று சும்மா ஓடும்போது, அது காற்றை உறிஞ்சும் குழாயான மெனிஃபோல்டில் பாதரச அளவில் 18 அங்குல வெக்கியூம் தரும். அது டயஃப்ரமில் ஏறத்தாழ 250 இறாத்தல் விசையாகிறது. குழாயில் கசிவு ஏற்பட்டு அளவு 10 அங்குலத்துக்கு இறங்கினால் விசை 140 இறாத்தலுக்கு விழுந்துவிடுகிறது. புதிதாக இருந்தபோது இந்த 140 போதுமாக இருந்திருக்கலாம். துருப்பிடித்த ஃபோர்க் தண்டுக்கும் அழுக்கேறிய புஷ்ஷுக்கும் அது போதாது. "வெக்கியூம் இழுக்கிறது, ஆனால் மாறுவதில்லை" என்று சொல்லப்படும் லொறிகளில் பலவற்றின் கதை இதுதான்.

முதலில் நோய் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

பணம் செலவழிப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்கு ஒரு ஜாக்கியும் சோக்கட்டியும் போதும். முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பின்பக்கத்து ஒரு சில்லை மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்குக் கீழே முட்டுக் கட்டையும் வைக்க வேண்டும். என்ஜின் பக்கத்திலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பலர் தண்டில் கைப் பிரேக் இருந்தால் அதைத் தளர்த்துங்கள். தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புரொப்பலர் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று சோக்கட்டிக் குறியை வைத்து எண்ணுங்கள். மறு சில்லு நிலத்தில் நிற்பதால் டிஃபரென்ஷியல் பாதியாக்கிவிடுகிறது. ஆகவேதான் இரண்டு சுற்று. ஆறேகால் சுற்றுக்குச் சற்று மேலே வந்தால் 6.33, அதாவது ஹை. எட்டே முக்கால் தாண்டினால் லோ. தண்டு சுழலவே இல்லையென்றால் அச்சு இரண்டுக்கும் நடுவே தொங்குகிறது. அப்படியானால் லொறியை அசைக்க வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

அடுத்து, வெக்கியூம் அறையை ஃபோர்க்கிலிருந்து பிரித்துவிட்டு, சில்லை மெல்ல ஆட்டிக்கொண்டே ஃபோர்க்கைக் கையால் நகர்த்திப் பாருங்கள். ஒரு நெம்புகோலின் மிதமான அழுத்தத்தில் அது இரண்டு பக்கமும் ஓசையோடு விழவேண்டும். விழுந்தால் அச்சு சுகமாக இருக்கிறது. நோய் வெக்கியூம் பக்கத்தில். விழாவிட்டால் புது டயஃப்ரமோ புது மோட்டரோ எதைப் போட்டாலும் பயனில்லை. ஃபோர்க் தண்டை விடுவித்து, துருவை எடுத்து, ஒயில் சீலை மாற்றுவதே முதல் வேலை.

வெக்கியூம் பக்கத்தைச் சோதிக்க நம்மூரில் ஒரு வசதி உண்டு. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்குக் குளிரூட்டி வேலை செய்பவர்களிடம் வெக்கியூம் பம்பும் அளவியும் இருக்கும். அந்த அளவியின் நீல நிற முகம் பூச்சியத்துக்குக் கீழே 30 அங்குலம்வரை வெக்கியூம் காட்டும். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, குமிழோடு சேர்ந்த வால்விலிருந்து அறைக்குப் போகும் குழாயில் பம்பைப் பொருத்தச் சொல்லுங்கள். "அண்ணை, 20 வரைக்கும் இழுக்கிறது, பம்பை மூடியவுடனே ஊசி கீழே வருகிறது" என்று அவர் சொன்னால் அறையோ குழாயோ கசிகிறது. பிறகு குழாயைத் துண்டு துண்டாக அடைத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும். கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பிப் பாகம் தேடுவதைவிட இந்த ஒரு மணித்தியாலம் லாபமானது.

வெக்கியூமையே திருத்துவது

பழைய வெக்கியூம் அறை ஒன்றை மேசையில் வைத்துத் திறந்தால் பிரச்சினை கண்முன்னே கிடக்கும். மூடியின் விளிம்பில் செந்துருத் தூள். டயஃப்ரம் வெளிப்பார்வைக்கு முழுசாக இருக்கும். விரலால் மடக்கினால் மடிப்பு நெடுகிலும் மயிரிழை வெடிப்புகள் திறக்கும். அச்சுப் பக்கத்து முகத்தில் கறுத்த ஒயில் படிந்திருந்தால் ஃபோர்க் தண்டின் சீல் கசிந்திருக்கிறது. அதற்கும் பின்னால் போனால், அச்சின் மேலுள்ள மூச்சுத் துளை சேற்றில் அடைபட்டு, சூடேறிய அச்சுக்குள் அழுத்தம் கூடி, அதுதான் ஒயிலைச் சீல் வழியே தள்ளியிருக்கும். மூச்சுத் துளையைச் சுத்தம் செய்யாமல் டயஃப்ரமை மட்டும் மாற்றினால் புது டயஃப்ரமும் அதே ஒயிலில் குளிக்கும்.

குமிழோடு சேர்ந்த வால்வில் காற்று உள்ளே வர ஒரு சிறு வடிகட்டித் துளை உண்டு. டயஃப்ரமின் ஒரு பக்கத்தை வெக்கியூம் இழுக்கும்போது மறுபக்கத்துக்கு வெளிக்காற்று வந்தால்தான் அது நகரும். ஆண்டுக்கணக்கில் நின்ற லொறியில் இந்தத் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதைக் காணலாம்; காய்ந்த மண், உள்ளே சிலந்தி ஓடுகள். கம்பியால் குத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்தால் போதும். முழு அமைப்பும் செத்துவிட்டது என்று தீர்ப்பளிக்கப்பட்ட லொறி இதனால் மட்டுமே ஓடக்கூடும்.

டயஃப்ரமுக்கு அளவான பாகம் கிடைக்காவிட்டால் துணி கோத்த நைட்ரைல் இறப்பர்த் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். 1.5 முதல் 2 மில்லிமீற்றர் தடிப்பு இதற்குப் போதும். பழைய ட்யூப்பை வெட்டிப் போடும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ட்யூப் இறப்பர் பெட்ரோல் ஆவியிலும் ஒயிலிலும் ஊறி வீங்கிவிடும். சில மாதம் நன்றாக இருந்துவிட்டு, சுமையோடு இருக்கும் ஒரு நாளில் சுருண்டுகொள்ளும். துளைகளைக் குத்தும்போது தோலில் துளையிடும் கருவியால் வட்டமாகக் குத்த வேண்டும். கத்தியால் கீறிய துளையின் மூலையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

குழாய் விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சாதாரண பெட்ரோல் ஹோஸ் அழுத்தத்தை வெளியே தாங்கும், உறிஞ்சலை உள்ளே தாங்காது. வெப்பத்தில் மெதுவாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிரேக் பூஸ்டருக்கான (பிரேக் மிதியை இலகுவாக்கும் அமைப்பு) வெக்கியூம் ஹோஸை வாங்குங்கள். சட்டத்தோடு நீளமாக ஓடும் பகுதிக்குக் குளிரூட்டி வேலைக்கான செப்புக் குழாய் நன்றாகப் பொருந்துகிறது. விட்டத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஒடுங்கிய குழாயில் அறை மெதுவாக நிரம்பி, சாரதி காலை எடுத்த கணம் கடந்த பிறகுதான் ஸ்பிரிங் ஏறும்.

கடைசியாகச் சேமிப்புத் தாங்கி. பெட்ரோல் என்ஜினின் வெக்கியூம் சாரதியின் காலடியில் இருக்கிறது. அக்சிலேட்டரை முழுவதும் மிதித்தால் மெனிஃபோல்டில் வெக்கியூம் ஏறத்தாழ இல்லாமற் போகும். மேட்டில் ஏறும்போது லோ தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். ஒருவழி வால்வும் ஒரு தாங்கியும் இருந்தால் சேமித்து வைத்த வெக்கியூம் கைகொடுக்கும். 6 அங்குல டயஃப்ரம் 2 அங்குலம் நகர்ந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான காற்று தாங்கிக்குள் வரும். 10 லீற்றர் தாங்கியில் அது ஏறத்தாழ 3 அங்குல வெக்கியூமைத் தின்றுவிடும். அதாவது, என்ஜின் உறிஞ்சாத வேளையில் இரண்டு மாற்றங்களுக்குத் தாராளமாகப் போதும், நாலாவதுக்கு நம்பக்கூடாது. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஜப்பான் லொறிகளின் வெக்கியூம் பிரேக் தாங்கி இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும்.

இந்த வழியின் பலம், அதிலுள்ள எந்தப் பாகமும் ஊரில் செய்ய முடியாததல்ல என்பது. கடைச்சல் பட்டறையும் இறப்பர்த் தகடும் குளிரூட்டிக்காரரின் பம்பும் இருந்தால் திருகோணமலையை விட்டு வெளியே போகாமலே முடித்துவிடலாம். உப்புக் காற்று இறப்பரைவிட மின் இணைப்புகளுக்குத்தான் பெரிய எதிரி என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டீசலுக்கு மாறிய லொறி: இங்கேதான் ஆபத்து

எரிபொருள் செலவுக்காகப் பழைய லொறிக்கு ஜப்பான் டீசல் என்ஜின் ஏற்றியவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. டீசல் என்ஜினின் உள்வாயில் பொதுவாகக் காற்றைத் தடுக்கும் கதவு கிடையாது. தடையில்லாமல் காற்றைக் குடிக்கிறது. ஆகவே மெனிஃபோல்டில் வெக்கியூம் உருவாவதில்லை. என்ஜின் மாற்றிய அன்றே அச்சு மாற்றியும் செத்துவிடுகிறது. பலர் அதைத் தனிப் பழுது என்று நினைத்து டயஃப்ரமைத் தேடி அலைகிறார்கள்.

ஜப்பான் டீசல் லொறிகள் பலவற்றில் அல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சிறு வெக்கியூம் பம்ப் இருக்கும். என்ஜின் ஒயிலில் ஓடும் அந்தப் பம்ப் 20 அங்குலத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். மிதிக்கும் காலைப் பொறுத்து ஏறி இறங்காது. கேட்பதற்கு இதைவிட நல்ல வெக்கியூம் வேறில்லை. ஆனால் அது பிரேக் பூஸ்டருக்காக வைக்கப்பட்டது. அதே குழாயில் ஒரு கிளை எடுத்து அச்சுக்குக் கொடுத்தால், அச்சு அறையின் டயஃப்ரம் கிழியும் நாளில் பிரேக்கின் உதவியும் சேர்ந்து போகும். முழுப் பாரத்தோடு ஹபரணை வழியாகப் போகும் லொறியில் பிரேக் பெடல் திடீரென்று கல்லாக இறுகினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கிளை எடுப்பது ஐந்து நிமிட வேலை என்பதால் இது பலருக்கும் கவர்ச்சியாகத் தெரிகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

வெக்கியூமைத்தான் பயன்படுத்தவேண்டும் என்றால், பிரேக் தாங்கிக்கும் அச்சுத் தாங்கிக்கும் தனித்தனி ஒருவழி வால்வு, தனித்தனித் தாங்கி, இரண்டுக்கும் நடுவே கையால் மூடும் குழாய், சாரதி பார்க்கக்கூடிய ஒரு அளவி என்று எல்லாமே வேண்டும். ஒருவழி வால்வு இருந்தாலும் அச்சுப் பக்கம் தொடர்ந்து கசிந்தால் பம்பின் முழுத் திறனும் அந்தக் கசிவைத் துரத்துவதிலேயே போகும்; மூடுகுழாய் அதற்காகத்தான். இவ்வளவும் செய்து முடிக்கும் செலவில் மின் மோட்டருக்கு அரைவாசி தூரம் வந்துவிடுவீர்கள்.

மின் மோட்டர்

பின்னாளில் ஈட்டன் அச்சுகளுக்கு மின் மாற்றி வந்தது. சிறு மோட்டர் ஒன்று திருகு ஒன்றைச் சுழற்றி, அதிலுள்ள நட்டு ஸ்பிரிங்கை அழுத்தி ஏற்றும். மற்றதெல்லாம் வெக்கியூமின் கதையே. பள்ளமோ மேடோ, காலை மிதித்திருந்தாலும் எடுத்திருந்தாலும் அதன் பலம் மாறாது. டீசல் லொறிக்கு இது ஒன்றே முழுமையான விடை.

வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களை நேரில் பார்த்துவிடுங்கள்: போல்ட் துளைகளின் இடைவெளி, ஃபோர்க்கைப் பிடிக்கும் முனையின் வடிவம், மோட்டரின் வோல்ட். முதலிரண்டும் பொருந்தாவிட்டால் கடைச்சல் பட்டறையில் இடைத்தகடு செய்யவேண்டி வரும். அந்தத் தகட்டின் தடிப்பில் நேரும் சிறு பிழை ஃபோர்க்கின் ஓட்டத்தை மாற்றி, பற்கள் பாதியளவே கோத்துக்கொள்ளும்படி செய்துவிடும். மூன்றாவது விஷயத்தில் நம் லொறிகள் குழப்பமானவை. அமெரிக்க லொறிகளில் பழையவை 6 வோல்ட், பிற்பட்டவை 12 வோல்ட். ஜப்பான் என்ஜின் ஏற்றியவை பெரும்பாலும் 24. 24 வோல்ட் லொறியில் இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பார்கள். அந்தப் பற்றரி மற்றதைவிட முந்திச் செத்துவிடும். வோல்ட் குறைக்கும் கருவியைப் பொருத்துங்கள்.

திருகோணமலையில் மின் மோட்டருக்கு ஒரு தனிப் பகை உண்டு. கொட்பே துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றும் லொறிகளில் ஐஸ் உருகிய உப்புநீர் பலகை இடுக்குகள் வழியாக நேரே அச்சின் மேலேதான் சொட்டுகிறது. மோட்டரின் இணைப்பு முனைகள் பச்சை பூத்துப் போவதற்கு அதிக காலம் எடுக்காது. மீன் லொறிக்கு மின் மோட்டர் போடுபவர் அதற்கு மேலே ஒரு தகரக் கூரை அடித்து, சட்டத்தின் இரும்பை நம்பாமல் பற்றரியின் எதிர்முனையிலிருந்து தனி வயர் இழுத்து, முனைகளுக்குக் கிரீஸ் பூசவேண்டும். நெல், செங்கல், தண்ணீர் ஏற்றும் லொறிக்கு இந்தத் தொல்லை குறைவு.

காற்றழுத்த மாற்றியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. லொறியில் காற்றுப் பிரேக் இருந்தால் யோசிக்கலாம். அதற்காகவே கம்பிரசர் ஏற்றுவது வீண். சதுர அங்குலத்துக்கு 90 இறாத்தல் அழுத்தத்தில் 3 அங்குல சிலிண்டர் ஒன்று 630 இறாத்தலுக்கு மேல் தள்ளும். நடுவே ஸ்பிரிங் இல்லாமல் அதை நேராக ஃபோர்க்கில் மாட்டினால் பற்களைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். கேபிளும் கைத்தடியும் போடுவதிலும் இதே குறை: ஸ்பிரிங்கை விட்டுவிட்டால் பற்கள் ஒத்துவரும் கணத்தைச் சாரதியின் கை தேடவேண்டும், தேடும் ஒவ்வொரு தடவையும் பல்லின் முனை தேயும்.

ஒரே நிலையில் பூட்டுவது

இந்த வழியை மதிக்காதவர்கள் அதிகம். நான் மதிக்கிறேன், ஆனால் வெல்ட் பிடிப்பதை இல்லை. முறையான பூட்டு என்பது வெக்கியூம் அறையைக் கழற்றி எடுத்து, ஃபோர்க் தண்டைத் தேவையான பக்கத்தின் கடைசிவரை தள்ளி, அளவாகக் கடைந்த ஒரு வளையத்தால் அங்கேயே நிறுத்தி, துளையை ஒயில் கசியாத தகட்டால் மூடுவது. பின்னால் மனம் மாறினால் கால் நாளில் பழையபடி ஆக்கிவிடலாம். கழற்றிய அறையைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருங்கள்.

எந்த நிலையில் பூட்டுவது? 8.25-20 டயர் ஒரு சுற்றுக்கு மூன்று மீற்றருக்குச் சற்று அதிகம் ஓடும். என்ஜின் நிமிடத்துக்கு 2,800 சுற்றில், கடைசி கியர் நேராக (1:1) இருந்தால், 6.33இல் மணிக்குச் சுமார் 81 கிலோமீற்றர், 8.81இல் சுமார் 58. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி என்று சமதரையில் ஓடி மாலையில் வீடு திரும்பும் லொறிக்கு, பாரம் மிதமாக இருந்தால், ஹையே போதும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு மிதவைப் பாதைக்கு இறங்கி ஏறும் வேலையும் போய்விட்டது. வயலுக்குள் இறங்கி ஈர மண்ணிலிருந்து நெல்லை இழுத்து வரும் லொறிக்கு லோவே தேவை. தெருவில் மெதுவாகப் போனால் போகட்டும். ஹையில் பூட்டி, ஒவ்வொரு முறையும் கிளச்சை எரித்து வெளியேறுவதைவிட அது மலிவு.

மாத்தளை தாண்டிக் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ மரக்கறிக்குப் போகும் லொறியை ஹையில் பூட்டக் கூடாது. ஏற்றத்தைச் சமாளித்துவிடலாம், இறக்கத்தில் என்ஜின் பிடித்துக்கொடுக்கும் பலம் குறைந்து, எல்லாப் பாரமும் பழைய டிரம் பிரேக்கின் மேல் விழும்.

மேலே பாதியில் விட்ட காரணம் இங்கே வருகிறது. அச்சு லோவுக்கும் ஹைக்கும் நடுவே தொங்கினால் சில்லுகளுக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்துவிடும். என்ஜின் பிடிப்பு இல்லை. அமெரிக்க லொறிகள் பலவற்றில் கைப் பிரேக் புரொப்பலர் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டுக்கும் சில்லுக்கும் தொடர்பில்லாதபோது அந்தப் பிரேக்கும் எதையும் பிடிப்பதில்லை. கியரில் விட்டு, கைப் பிரேக்கை இழுத்து, உவர்மலைச் சரிவில் நிறுத்திவிட்டு இறங்கினால் லொறி தன்பாட்டில் புறப்பட்டுவிடும். பலவீனமான வெக்கியூமோடு "எப்படியோ சமாளித்து" ஓட்டுவதை நான் எல்லா வழிகளிலும் மோசமானதாகக் கருதுவது இதனால்தான். திருத்துங்கள் அல்லது பூட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே விடாதீர்கள். திருத்தி முடிக்கும்வரை லொறியில் எப்போதும் இரண்டு சில்லுக் கட்டைகள் இருக்கட்டும்.

அச்சையே மாற்றுவது, கோள் பற்சக்கரங்கள் உடைந்த லொறிக்கு மட்டும் உரிய வழி. வேறு அச்சு வந்தால் ஸ்பிரிங் இருக்கை அகலம், சில்லு நட்டுகளின் வட்டம், புரொப்பலர் தண்டின் நீளம், பிரேக் குழாய் எல்லாம் கூடவே மாறும். தாங்கக்கூடிய பாரமும் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரிக்காமல் தொடங்கவும் கூடாது. ஒரு சிறு வடிகட்டித் துளை அடைத்ததற்காக இவ்வளவு தூரம் போனவர்களைக் கண்டு வருத்தப்பட்டிருக்கிறேன்.

திருத்திய பிறகு

வெக்கியூமோ மோட்டரோ, சாரதியின் பழக்கம் ஒன்றே. ஹைக்குப் போக: குமிழை இழுத்து வைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடருங்கள்; பிறகு காலை எடுத்து, மாறும் ஓசை கேட்டதும் மெதுவாக மிதியுங்கள். லோவுக்கு வர: காலை அழுத்தியபடியே குமிழைத் தள்ளி, ஒரு கணம் எடுத்து உடனே மிதித்து என்ஜினின் சுற்றை உயர்த்துங்கள். இறக்கத்தில் குமிழைத் தொடக்கூடாது. எந்த நிலை வேண்டுமோ அதை உச்சியிலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். வேகமானியின் கேபிளில் அச்சோடு சேர்ந்து மாறும் இடைப்பெட்டி இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரு நிலையில் காட்டும் வேகம் பொய்யாக இருக்கும்.

முதல் ஓட்டத்தை வெற்று லொறியோடு, கன்னியா வீதி போன்ற சமமான தெருவில், காலை நெரிசலுக்கு முன் செய்யுங்கள். திரும்பி வந்ததும் ஒரு சில்லைத் தூக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, புரொப்பலர் தண்டை மறுபடி எண்ணுங்கள். குமிழ் சொல்லும் நிலையும் தண்டு சொல்லும் நிலையும் லோவிலும் ஹையிலும் ஒத்துவந்தால் பாரம் ஏற்றலாம்.